சாக்குத் தொழிலில் இறங்குகிறவர்கள் முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

என் மேசையில் எப்போதும் ஒரு சின்னத் தராசு இருக்கும். நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி, 0.01 கிராம் வரை காட்டுவது. சாக்குத் தயாரிக்க ஆசைப்பட்டு யார் வந்து உட்கார்ந்தாலும், 50 கிலோ தீவனச் சாக்கு இரண்டைக் கையில் கொடுத்து எது நல்ல சாக்கு என்று கேட்பேன். இரண்டும் வெள்ளை, ஒரே அளவு, ஒரே அச்சு. தடவிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள். “ரெண்டும் ஒண்ணுதானே?” என்பார்கள். தராசில் வைத்தால் ஒன்று 81 கிராம், இன்னொன்று 86.

இந்தத் தொழிலில் சரக்கை, அதாவது பிளாஸ்டிக் குருணையை, கிலோவில் வாங்குகிறோம், சாக்கை எண்ணிக்கையில் விற்கிறோம். நடுவில் ஒழுகுவதெல்லாம் கிராம்தான். மாதம் 5 லட்சம் சாக்கு போடுகிறவர் ஒரு சாக்குக்கு ஒரு கிராம் கூடுதலாகக் கொடுத்தால் 500 கிலோ சரக்கு போய்விட்டது. கிலோ 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 50,000 ரூபாய். ஐந்து கிராம் என்றால் மாதம் இரண்டரை லட்சம். அதை வாடிக்கையாளர் கேட்கவும் இல்லை, கவனிக்கவும் மாட்டார். அதே ஐந்து கிராம் குறைந்தால் மட்டும் அன்றைக்கே போன் வரும்.

கீழே சொல்வதெல்லாம் இந்தத் தராசைச் சுற்றியேதான் வரும்.

சாக்கு எப்படி உருவாகிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவோம். பாலிப்புரொப்பிலீன் குருணையை, பேச்சில் பிபி, உருக்கி மெல்லிய தாளாக இழுத்து, அதை நாடா நாடாவாகக் கிழித்து, அந்த நாடாவைச் சூட்டில் இழுத்து வலுவேற்றி, வட்டத் தறியில் குழாய்த் துணியாக நெய்து, வெட்டி, அடியைத் தைத்தால் சாக்கு. நடுவில் வேண்டுமானால் லேமினேஷன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு, அச்சு, உள்ளே லைனர் என்னும் மெல்லிய உறை. உரச்சாக்கு, சர்க்கரைச் சாக்கு, சிமெண்ட் பை, அரிசிப் பை, ஒரு டன் பிடிக்கும் ஜம்போ பை, எல்லாம் இந்த ஒரே குடும்பம்.

யார் வாங்குவார்?

தமிழ்நாட்டில் சாக்கு வாங்குகிறவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிறார்கள். நாமக்கல் பக்கம் கோழித் தீவன ஆலைகள். சேலம், ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலைகள். தூத்துக்குடியில் உப்பு. ஆரணி, காங்கேயம் பக்கம் அரிசி ஆலைகள். அரியலூரில் சிமெண்ட். மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகள். எல்லோருக்கும் சாக்கு வேண்டும், ஆனால் ஒரே சாக்கு வேண்டாம்.

சிமெண்ட்காரர்கள் பெரும்பாலும் அடி சதுரமாக மடிந்த வால்வு பைக்குப் போய்விட்டார்கள். அதற்குத் தனி இயந்திரம், பெரிய முதலீடு. புதிதாக வருகிறவர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம். அரிசி ஆலைக்காரருக்குப் பளபளக்கும் பல வண்ணப் படம் போட்ட பை வேண்டும், அதில் சாக்கைவிட அச்சுக்குத்தான் காசு. உப்புக்குச் சாக்கு போடுகிறவர் வெயிலை நினைத்துக்கொண்டு போட வேண்டும், அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அரசு நெல், அரிசிக் கொள்முதலை நம்பித் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1987-ஆம் ஆண்டுச் சணல் பொதியல் சட்டப்படி உணவு தானியத்துக்குச் சணல் சாக்குதான் முதல் உரிமைக்காரன். சர்க்கரையிலும் 20 சதவீதம் சணலுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். சணல் தட்டுப்பாடு வரும்போது விலக்குக் கொடுத்து பிளாஸ்டிக் சாக்கு வாங்குவார்கள்தான், ஆனால் விலக்கை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

தொடங்குவதற்கு நல்லது தீவனம். அளவு அதிகம் மாறாது, அச்சு ஒன்றிரண்டு வண்ணம்தான், ஆண்டு முழுக்க ஓடும். ஆலைக்குப் போய் “சாக்கு என்ன விலை?” என்று கேட்காதீர்கள். பயன்படுத்திய பழைய சாக்கு மூன்று வாங்கி வாருங்கள். அதுதான் உங்கள் பாடப்புத்தகம்.

சாக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அந்த மூன்று சாக்கில் ஒன்றை எடுத்து மேசையில் விரியுங்கள். அளவுகோலால் அகலமும் நீளமும் எடுங்கள். 56 சென்டிமீட்டர் அகலம், மடிப்பு பிரித்தால் 94 சென்டிமீட்டர் நீளம் என்று வைப்போம். அடுத்து ஓர் அங்குலத்தில் எத்தனை நாடா என்று எண்ண வேண்டும். திருப்பூரில் துணி எண்ணுகிற கவுண்டிங் கிளாஸ் இதற்கும் ஆகும். இல்லையென்றால் ஓர் அங்குலச் சதுர ஓட்டை போட்ட அட்டையை வைத்து ஊசியால் எண்ணுங்கள். நெடுக்கே போவது பாவு, குறுக்கே ஊடை. பத்துக்குப் பத்து என்று வரும்.

ஏன் பெரும்பாலும் பத்து? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். நாடா அகலம் 2.5 மில்லிமீட்டர். பத்து நாடா பக்கத்தில் பக்கத்தில் மடிப்பில்லாமல் படுத்தால் இடம் சரியாக நிரம்பிவிடும். நாடா 2.7 ஆகிவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மடியும், 2.3 ஆனால் இடைவெளியில் தவிட்டுப்பொடி ஒழுகும்.

இப்போது துணியில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை, ஒரே அடுக்கில், ஒரு ஸ்டீல் தகட்டை வைத்து ஓரம் பிசிறாமல் வெட்டுங்கள். தராசில் வைத்தால் 0.75 கிராம். நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 75 கிராம். தொழிலில் இதை ஜிஎஸ்எம் என்போம். சாக்குக்கு இரண்டு பக்கம்: 0.56 × 2 × 0.94 = 1.05 சதுர மீட்டர். 75-ஆல் பெருக்கினால் 79 கிராம், தையல் நூல் இரண்டு கிராம், ஆக 81. மேசையில் இருந்த முதல் சாக்கு இதுதான்.

அடுத்தது டெனியர். 9,000 மீட்டர் நாடாவின் எடை கிராமில் எவ்வளவோ அதுதான் டெனியர். 9,000 மீட்டர் யார் அளப்பது? 90 மீட்டர் அளந்து எடை போட்டு நூறால் பெருக்கினால் போதும். 8.6 கிராம் வந்தால் 860 டெனியர்.

இரண்டையும் கட்டிப்போடும் சூத்திரம் ஒன்று உண்டு. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்: பாவு எண்ணிக்கையையும் ஊடை எண்ணிக்கையையும் கூட்டி, டெனியரால் பெருக்கி, 228.6-ஆல் வகுத்தால் ஜிஎஸ்எம். பத்தும் பத்தும் இருபது, அதை 860-ஆல் பெருக்கி வகுத்தால் 75. நாடா 860-லிருந்து 910 டெனியருக்கு நழுவினால் ஜிஎஸ்எம் 79.6 ஆகிறது, சாக்கு 86 கிராம் ஆகிறது. இரண்டாவது சாக்கின் கதை அவ்வளவுதான். யாரோ ஒருவர் நாடா போடும்போது எடை பார்க்காமல் விட்டிருக்கிறார்.

இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் எந்த வாடிக்கையாளரின் சாக்கைக் கொடுத்தாலும் பத்து நிமிடத்தில் உங்களால் விலை சொல்ல முடியும். கைவராமல் இயந்திரம் வாங்காதீர்கள்.

பின்னாலிருந்து தொடங்குங்கள்

இயந்திரக் கம்பெனியின் திட்ட அறிக்கை எப்போதும் குருணையை நாடாவாக்கும் இயந்திர வரிசையான டேப் லைனிலிருந்து தொடங்கும்: டேப் லைன், இருபது தறி, லேமினேஷன், அச்சு, வெட்டு, தையல். வங்கிக்கும் அது அழகாகத் தெரியும். நான் சொல்வது தலைகீழ். முதல் வருடம் நெய்த துணியை ரோலாக வெளியில் வாங்கி, வெட்டி, தைத்து, அச்சுப் போட்டு விற்றுப் பாருங்கள். லாபம் மெலிசாகத்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் யார் பணம் கொடுக்கிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பது இயந்திரக் கடன் தலையில் ஏறும் முன்பே தெரிந்துவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். ஊடை நாடாவைச் சுமந்து சுற்றும் ஷட்டில் நான்கு ஓடும் வட்டத் தறி நிமிடத்துக்கு 200 சுற்று ஓடினால் 800 ஊடை விழும். அங்குலத்துக்குப் பத்து ஊடை என்றால் நிமிடத்துக்கு 80 அங்குலம், இரண்டு மீட்டர். நின்று ஓடும் நேரமெல்லாம் கழித்து மணிக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நாளைக்கு 2,400 மீட்டர், அதாவது நம் அளவில் சுமார் 2,500 சாக்கு, எடையில் 200 கிலோ. மணிக்கு 200 கிலோ போடும் டேப் லைன் ஒன்று 22 மணி நேரம் ஓடினால் 4,400 கிலோ. அதைத் தின்ன 22 தறி வேண்டும். 22 தறி 25 நாள் ஓடினால் மாதம் 13 லட்சம் சாக்குக்கு மேல் வந்து குவியும். அதற்கு மாதம் 110 டன் சரக்கு, கிலோ 100 என்றாலே ஒரு கோடிக்கு மேல் முடங்கும்.

மாதம் 13 லட்சம் சாக்கு விற்க ஆள் இருக்கிறதா? இருந்தால் தாராளமாக டேப் லைன் போடுங்கள். 5 லட்சத்துக்குத்தான் ஆள் இருக்கிறதென்றால் எட்டுத் தறி போதும். நாடாவைப் பாபினாக, அதாவது உருளையில் சுற்றியதாக, வெளியில் வாங்கித் தறி மட்டும் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காலிப் பாபினைத் திருப்பி அனுப்பும் லாரி வாடகைதான் அதில் தலைவலி.

வெட்டும் தையலும்

சின்னதாகத் தெரியும் இந்த இடத்தில்தான் முதல் வருடம் முழுக்க நிற்கப் போகிறீர்கள்.

துணியைச் சூட்டுக் கத்தியால் வெட்டினால் நாடா முனைகள் உருகி ஒட்டி, பிசிறு வராது. கத்தி அதிகம் சூடேறினால் சாக்கின் வாயே ஒட்டிக்கொள்ளும். ஆலையில் மூட்டை பிடிக்கிறவர் ஒவ்வொன்றையும் உதறிப் பிரிக்க வேண்டியிருக்கும். முதல் புகார் அங்கிருந்துதான் வரும். நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் கூடினால்? 56 சென்டிமீட்டர் அகலச் சாக்குக்கு 0.84 கிராம். தராசு நினைவிருக்கட்டும்.

அடித் தையல் சங்கிலித் தையல். வீட்டில் அரிசி மூட்டையின் நூலைச் சரியான முனையில் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரியுமே, அதே தையல்தான். வாய்த் தையலில் அது வசதி, அடித் தையலில் அது ஆபத்து. ஆகவே இரண்டு ஓரத்திலும் இரண்டு அங்குல நூல் வாலை விட்டு வெட்டச் சொல்லுங்கள். துணியை ஒரு மடிப்பாவது மடித்துத் தைக்க வேண்டும். கனமான சரக்குக்கு இரண்டு மடிப்பு. அங்குலத்துக்கு மூன்று நான்கு தையல் போதும். நெருக்கித் தைத்தால் வலு என்று நினைத்துப் புதிதாக வருகிறவர்கள் ஆறு, ஏழு என்று போடுவார்கள். ஊசி ஒவ்வொரு குத்திலும் நாடாவைக் கிழிக்கிறது. நெருக்கமாகக் குத்தினால் தபால்தலைத் தாளில் ஓட்டை போட்ட மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். சாக்கில் 50 கிலோ மணலை நிரப்பி வாயைத் தைத்து, இடுப்புயரத்திலிருந்து ஒரு முறை படுக்கையாக, ஒரு முறை பக்கவாட்டில், ஒரு முறை அடிப்பக்கம் கீழே இருக்கப் போடுங்கள். சுமை தூக்குகிறவர் சாக்கை இதைவிட மென்மையாக இறக்க மாட்டார்.

தையலுக்கு எண்ணிக்கைக் கூலிதான் வழக்கம், எங்கள் பக்கம் பெரும்பாலும் பெண்கள். கூலியை எண்ணிக்கைக்கு மட்டும் கட்டினால் வேகம் வரும், தரம் போகும். நான் சாக்குக் கட்டைப் பிரித்துப் பார்த்து, தையல் தவறிய சாக்கைத் தைத்தவரிடமே திருப்பிக் கொடுப்பேன், கூலியைப் பிடிக்க மாட்டேன். இரண்டு வாரத்தில் தானாகவே குறைந்துவிடும்.

தறி

வட்டத் தறியைப் பார்க்காதவர்கள் ஒரு நாள் போய்ப் பாருங்கள். நடுவில் வளையம், அதைச் சுற்றி ஷட்டில்கள் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே குழாய்த் துணி ஏறிப் போகும். இரண்டு பக்கமும் கிரீல் என்னும் இரும்புச் சட்டங்களில் பாவுப் பாபின்கள். 56 சென்டிமீட்டர் சாக்குக்குச் சுற்றளவு 112, அதாவது 44 அங்குலம், பத்தால் பெருக்கினால் 440 பாபின். 440 நாடாவில் எது அறுந்தாலும் உணர்கருவி தறியை நிறுத்த வேண்டும். அந்த உணர்கருவியைத் தூசு மூடினால், அல்லது அடிக்கடி நிற்கிறதென்று யாராவது “அண்ணே, இது தொல்லை” என்று அதைக் கட்டிப்போட்டால், பாவு விட்டுப்போன துணி நூறு மீட்டர் ஓடிவிடும். அந்தத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தலைமுதல் கால்வரை ஒரு வெள்ளைக் கோடு தெரியும். சாக்கு அந்தக் கோட்டில்தான் வாய் பிளக்கும். ரோலை வாங்கும்போதும் இப்படி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

இயந்திரம் வாங்கக் கான்பூரின் லோஹியா, ஆஸ்திரியாவின் ஸ்டார்லிங்கர் என்று பெரிய பெயர்கள் உண்டு, குஜராத்திலும் பல தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பழைய தறி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் நின்றுகொண்டிருக்கும் தறியைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஒரு ஷிப்ட் முழுக்க ஓடவிட்டு, எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது என்று ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டேப் லைன்: போடும் நாள் வந்தால்

சரக்கில் தொடங்குவோம். நாடாவுக்கென்று ராஃபியா தரம் என்றே பிபி வருகிறது, உருகினால் எவ்வளவு இலகுவாக ஓடும் என்று காட்டும் குறியீடு மூன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். ரிலையன்ஸ், இந்தியன் ஆயில், ஹால்டியா, மங்களூர் என்று பல ஆலைகள் போடுகின்றன, 25 கிலோ மூட்டையில் வரும். விலை கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மாறுவது சாதாரணம். ஆகவே வாடிக்கையாளருக்கு ஆறு மாதத்துக்கு ஒரே விலை என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சரக்கு விலை மாறினால் சாக்கு விலையும் கிராம் கணக்கில் மாறும் என்று முதல் ஆர்டரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தீவன ஆலைக்காரருக்கு இது புதிதல்ல, மக்காச்சோளத்தில் அவரும் தினமும் இதைத்தான் பார்க்கிறார்.

எக்ஸ்ட்ரூடர் என்னும் உருக்கித் தள்ளும் இயந்திரம் குருணையை 220 முதல் 260 டிகிரியில் உருக்கி, டை என்னும் தட்டையான வாயின் வழியே தாளாக விடுகிறது. தாள் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உறையும். தொட்டியை விட்டு வெளியே வரும்போது தாளின் மேல் தண்ணீர் ஒட்டியிருந்தால் அடுத்து வரும் சூட்டுப் பகுதியில் நாடா படபடவென்று அறும். நாடா அறுகிறதே என்று சூட்டையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து நாள் முழுக்க வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் தாளிலிருந்து தண்ணீரைப் பிழியும் உருளை தேய்ந்துபோனதுதான் காரணமாக இருக்கும்.

பிறகு வரிசையாக வைத்த பிளேடுகள் தாளைக் கிழிக்கும். 2.5 மில்லிமீட்டர் நாடா வேண்டுமென்றால் பிளேடு இடைவெளி 2.5 இல்லை. சூட்டில் ஐந்தரை மடங்கு இழுக்கும்போது நாடா நீண்டு, அகலத்திலும் கனத்திலும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும்? இழுப்பு மடங்கின் வர்க்கமூலம். 5.5-க்கு 2.35. ஆகவே பிளேடு இடைவெளி 2.5 × 2.35, ஏறக்குறைய 5.9 மில்லிமீட்டர். இந்த இழுப்புதான் நாடாவுக்கு உயிர். இழுக்காத தாளை விரலால் நீட்டலாம், இழுத்த நாடா விரலை அறுக்கும். அதற்காக ஆசைப்பட்டு மேலும் மேலும் இழுத்தால் நாடா நெடுக்கே நாராகப் பிளக்கும், தறியில் ஏறாது.

எடை நழுவுவதும் இங்கேதான். டையின் உதடு எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி இருக்காது, நடுநாடா ஒரு டெனியர், ஓரநாடா வேறு டெனியர். ஆகவே ஒவ்வொரு இரண்டு மணிக்கும் இடது, நடு, வலது என்று மூன்று பாபினிலிருந்து 90 மீட்டர் எடுத்து எடை போடச் சொல்லுங்கள். நோட்டு சுத்தமாக, எல்லாமே 8.6 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். யாரோ உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுகிறார்.

அப்புறம் ஃபில்லர். சுண்ணாம்புக்கல் தூளைப் பிபியோடு பிசைந்த குருணை இது. மூன்று நான்கு சதவீதம் சேர்த்தால் நாடா நாராகப் பிரியாது, தறியில் நன்றாக ஓடும். சரக்கைவிட மலிவு என்பதால் பத்து, பதினைந்து என்று கொட்டுகிறவர்களும் உண்டு. எடை அப்படியே இருக்கும், வலு போய்விடும். தறிக்கூடத்தில் வெள்ளைத் தூள் படிகிறதா பாருங்கள், அது ஃபில்லர் அதிகமானதன் அடையாளம். துணி வெளியில் வாங்குகிறவர்கள் சாம்பல் சோதனை கேளுங்கள்: பிபி எரிந்து போய்விடும், சுண்ணாம்பு மிஞ்சும். சென்னை கிண்டியில் 1968 முதல் இருக்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டில் இந்த மாதிரிச் சோதனைகளைக் கட்டணத்துக்குச் செய்து தருவார்கள், குறுகிய காலப் பயிற்சியும் உண்டு. எந்த இயந்திரம் வாங்குவதற்கு முன்னும் அங்கே ஒரு முறை போய் வருவது காசுக்கு மதிப்பு.

வேஸ்ட் எல்லா இடத்திலும் விழும்: டேப் லைன் தொடங்கும்போது, ஓரத்தில், தறியில், வெட்டில். எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு சதவீதத்துக்குள் நின்றால் பிழைப்பு ஓடும். துறைவாரியாக எடை போட்டுத் தனித்தனிச் சாக்கில் கட்டி வையுங்கள், ஒரே குவியலாகப் போட்டால் யார் வீட்டுத் தப்பு என்று தெரியாது.

அச்சும் லேமினேஷனும்

இதை வெளியில் செய்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு விஷயம் மட்டும். பிபியின் மேல் மை தானாக ஒட்டாது, மேற்பரப்பை மின்பொறியால் பதப்படுத்த வேண்டும், கொரோனா என்பார்கள். அச்சான சாக்கில் செல்லோ டேப்பை ஒட்டி வெடுக்கென்று பிய்த்துப் பாருங்கள், எழுத்து டேப்போடு வந்தால் சாக்கு திரும்பி வரும். இரண்டாவது, 20 மைக்ரான் லேமினேஷன் சதுர மீட்டருக்கு 18 கிராம். நம் சாக்குக்கு 19 கிராம் கூடுகிறது. விலை சொல்லும்போது இதை மறந்தவர் நான் மட்டும் இல்லை.

மின்சாரம், அனுமதி, சான்று

மின்சுமை ஓர் அளவைத் தாண்டாத வரைதான் தாழ்வழுத்த இணைப்பு. தையலும் ஏழெட்டுத் தறியும் அதற்குள் அடங்கும், டேப் லைன் வந்தால் உயரழுத்தம், சொந்த டிரான்ஸ்பார்மர் என்று செலவு ஏறும். இடம் பார்க்கும்போதே மின்வாரியத்தில் கேட்டுவிடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, தீயணைப்புத் துறையின் சான்று இரண்டும் வேண்டும். தீயைச் சாதாரணமாக எடுக்காதீர்கள், சாக்குக் கிடங்கு பற்றினால் அணைக்க முடியாது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் 2022 பிப்ரவரியில் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு விதிமுறைகள் உங்களுக்கு எந்த வகையில் பொருந்தும் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நெய்த சாக்குக்கு ஜிஎஸ்டி 2020 ஜனவரியில் 12-லிருந்து 18 சதவீதமானது, இன்றைய நிலவரத்தைக் கணக்காளரிடம் சரிபாருங்கள்.

தர நிர்ணயம் சரக்குக்குச் சரக்கு தனி: சிமெண்ட் சாக்குக்கு ஐஎஸ் 11652, உரத்துக்கு ஐஎஸ் 9755, உணவு தானியத்துக்கு ஐஎஸ் 14887, சர்க்கரைக்கு ஐஎஸ் 14968. விற்கப்போகும் வகைக்கான தர ஆவணத்தை வாங்கிப் படியுங்கள், சந்தேகத்துக்குத் தரமணியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் அலுவலகம் இருக்கிறது.

ஜம்போ பையில் ஏற்றுமதி நல்ல காசு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு டன் தாங்கும் பையை, ஒரே முறை பயன்படுத்துவது என்றால் ஐந்து டன், திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது என்றால் ஆறு டன் வரை இழுத்துச் சோதிக்க வேண்டும். நிலைமின்சாரத்துக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு வகை. பையின் காது அறுந்தால் கீழே நிற்பவர் உயிர் போகும். இரண்டு மூன்று வருடம் சாக்கு போட்டுக் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணம்

மாவட்டத் தொழில் மையத்தில் புதுத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் இருக்கிறது: 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். மாநில அரசின் தொழில் முதலீட்டுக் கழகமான டிஐஐசியின் கடனும் உண்டு. மானியத்தை வைத்து இயந்திரத்தைப் பெரிதாக்காதீர்கள். இயந்திரக் கடனைவிட நடைமுறை மூலதனம்தான் இங்கே கழுத்தைப் பிடிக்கும். சரக்குக்காரர் கையில் காசு கேட்பார், சாக்கு வாங்குகிறவர் அறுபது நாள், தொண்ணூறு நாள் என்பார்.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை முதல் நாளே செய்துகொள்ளுங்கள், பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்து, மார்ச் முடிவதற்குள்ளும் தராவிட்டால் வாங்கியவர் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023-இல் சேர்த்த விதி வந்த பிறகு, மார்ச் மாதம் மட்டும் எங்களுக்குப் போன் அடிக்காமலேயே பணம் வருகிறது.

வெயில்

தொடங்கிய இரண்டாம் வருடம் தூத்துக்குடியில் ஓர் உப்புக்காரருக்கு 12,000 சாக்கு கொடுத்தேன். துணி வெளியில் வாங்கியது. எடை, பாவு, ஊடை, தையல் எல்லாம் தராசிலும் கண்ணாடியிலும் பார்த்துத்தான் அனுப்பினேன். மூன்றாம் மாதம் அவர் கூப்பிட்டார். “தம்பி, ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க” என்று மட்டும் சொன்னார், திட்டவில்லை. போய்ப் பார்த்தேன். உப்பளத்து மேட்டில் மூட்டைகள் திறந்த வெளியில் அடுக்கியிருந்தன. மேல் வரிசைச் சாக்கு ஒன்றின் காதைப் பிடித்தேன், அப்பளம் மாதிரி கையோடு நொறுங்கி வந்தது. உள்ளங்கையில் வெள்ளைத் தூள்.

பிபி வெயிலைத் தாங்காது. நாடா போடும்போதே வெயிலைத் தாங்க வைக்கும் யூவி மாஸ்டர்பேட்ச் என்னும் கலவைக் குருணையைச் சேர்க்க வேண்டும், அது துணியைப் பார்த்தாலும் தெரியாது, எடை போட்டாலும் தெரியாது. துணிக்கு நான் கொடுத்த ஆர்டர் தாளில் யூவி என்ற சொல்லையே எழுதவில்லை. துணி கொடுத்தவர் மேல் கோபப்பட எனக்கு இடமில்லை. மூட்டை மாற்றும் கூலியோடு வேறு சாக்கு கொடுத்து ஈடு கட்டினேன்.

இப்போது எங்கள் கூடத்தின் மொட்டை மாடியில் கிழக்கு மேற்காக ஒரு கம்பி கட்டியிருக்கிறது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு சாக்கு, தேதியும் லாட் எண்ணும் மார்க்கரில் எழுதி, அதில் கிளிப் போட்டுத் தொங்கும். மாதம் ஒரு முறை ஏறிப் போய் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நாடாவை உருவி இழுத்துப் பார்ப்பேன். ஏணிக்குக் கீழே இருக்கும் பையன் நோட்டில் குறித்துக்கொள்வான். தராசை அன்றைக்கு மேலே எடுத்துப் போவதில்லை.